பழம் விடும் பிஸ்கெட்

மரக்காணத்தில் மழை விழுந்துவிட்டால் உப்பளத்தில் யாருக்கும் வேலை கிடையாது. எங்கள் தெருப் பெண்களில் பாதிப் பேர் அந்த மாதங்களில் சீரியல் பார்ப்பார்கள், மீதிப் பேர் சண்டை போடுவார்கள். ஜான்சி மட்டும் பிஸ்கெட் சுடுவாள்.

கல்யாணத்துக்கு முன்பு பெரிய முதலியார்சாவடியில் ஒரு பேக்கரியில் மூன்று வருஷம் வேலை பார்த்தவள். வீட்டில் ஓவன் கிடையாது. அலுமினியக் குண்டானில் நாலு விரல் உயரத்துக்கு உப்பைக் கொட்டி, அடுப்பில் ஏற்றி, உள்ளே தட்டை இறக்கி மூடிவிடுவாள். உப்பின் சூட்டிலேயே பிஸ்கெட் வெந்துவிடும். டிசம்பர் பிறந்தால் தெருப் பிள்ளைகள் எட்டுப் பேரும் அவள் வீட்டில்தான். நட்சத்திரம், படகு, பூநாரை என்று தகர அச்சால் வெட்டுவார்கள். பொடித்த சர்க்கரையில் பாலும் கலரும் விட்டுக் குழைத்து, கழுவிய பால் கவரில் நிரப்பி, முனையைக் கத்தரித்து மேலே கோலம் போடுவார்கள். கையை நக்கக் கூடாது என்பது சட்டம். அதை யாரும் மதித்ததில்லை.

இன்னொரு பழக்கமும் உண்டு. காய் விட்டுப் பேசாமல் இருக்கிறவருக்கென்று ஆளுக்கு ஒரு பிஸ்கெட்டைத் தனியாகச் செய்ய வேண்டும். கிறிஸ்துமஸுக்குள் அதைக் கொண்டுபோய், சிரித்துக்கொண்டே கொடுத்து, பழம் விட்டுவிட வேண்டும். கொடுக்க ஆள் இல்லாத ஒரு வருஷம், அந்தப் பிள்ளைகளில் ஒருவனான கௌதம் அதற்காகவே ஒரு சண்டையை ஆரம்பித்தான்.

ஜான்சியின் உயிர்த்தோழி அம்சவல்லி. இருவரும் ஒரே பாத்தியில் பத்து வருஷம் உப்பு வாரியவர்கள். இரண்டு வருஷமாக அம்சவல்லி குயிலாப்பாளையத்தில் ஒரு கெஸ்ட் ஹவுஸில் கூட்டிப் பெருக்கப் போகிறாள். அங்கிருக்கும் மேடம் அவள் போனில் ஜான்சியின் பிஸ்கெட் போட்டோவைப் பார்த்துவிட்டு ஆசைப்பட்டாராம்.

“ஒன்னத்தான் சொல்லித்தரக் கூப்புடறாங்கடி. இருபத்திமூணாந்தேதி பசங்க எல்லாரையும் கூட்டிக்கினு வா. குண்டான், உப்பெல்லாம் நான் பாத்துக்கறேன். அச்சு மட்டும் குடு” என்றாள் அம்சவல்லி.

ஜான்சி எட்டாவதோடு நின்றவள். மகள் தமிழ்நிலாவின் பள்ளிப் படிவத்தில், தாயின் தொழில் என்ற இடத்தில் ‘கூலி’ என்றுதான் எழுதுவாள். அந்த வாரம் தமிழ்நிலா, “எங்கம்மா டீச்சரா போறாங்க!” என்று தெருவெல்லாம் சொல்லித் திரிந்தாள். ஜான்சி அதட்டினாள், அதட்டும்போதே சிரித்தாள். புடவைக்குக் கஞ்சி போட்டாள். அவள் கஞ்சி போட்டு நான் பார்த்ததே இல்லை.

நான் மண்ணாங்கட்டி, அதே தெருவில் வேன் ஓட்டுகிறவன். எனக்கு முன்னால் பிறந்தவை தங்காததால் எமனை ஏமாற்ற வைத்த பெயர். சிரித்துவிட்டு மேலே படியுங்கள். இருபத்திமூன்றாம் தேதி காலை முதல் நடையில் அம்சவல்லியை ஏற்றினேன். மடியில் புதுக் குண்டான், பையில் ஈரம் கசியும் உப்பு, ஜான்சியின் அச்சுகள். பாதி வழியில் அவளே சொன்னாள்.

“நான்தான் டீச்சர்னு மேடமாண்ட சொல்லிட்டேண்ணே. ஜான்சி பசங்கள பாத்துக்கட்டும். நீ ஒண்ணும் சொல்லிக்காத.”

கூட இருந்தே குழி பறிக்கிறாள் என்று புரிந்தது. பெண்கள் விவகாரம், நமக்கெதுக்கு என்று ரோட்டைப் பார்த்து ஓட்டினேன்.

அடுத்த நடையில் ஜான்சியும் பிள்ளைகளும் ஏறினார்கள். “மொதல்ல வணக்கம் சொல்லணும், அப்பறந்தான் மாவு பெசையறது. சரிதானேண்ணே?” என்று வழியெல்லாம் கேட்டுக்கொண்டே வந்தாள். சரி என்றேன்.

தோட்டத்தில் விருந்தாளிகளின் பிள்ளைகள் சுற்றி உட்கார்ந்திருக்க, நடுவில் ஏப்ரன் கட்டிய அம்சவல்லி. “இவங்கதான் நம்ம பிஸ்கெட் டீச்சர்” என்றார் மேடம். எல்லோரும் கைதட்டினார்கள். தமிழ்நிலா தட்டவில்லை, அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். “பசங்கள ஒழுங்கா ஒக்கார வெய் ஜான்சி” என்று திரும்பாமலேயே சொன்னாள் அம்சவல்லி. கஞ்சி போட்ட புடவையோடு ஜான்சி புல்லில் உட்கார்ந்தாள். அம்சவல்லியை அறையலாம் போலிருந்தது எனக்கு. அந்த யோக்கியதை எனக்கு இருந்ததா என்பது வேறு விஷயம்.

அளத்து உப்பை ஈரத்தோடு மூடிச் சூடேற்றக் கூடாது. ஜான்சி அதை வைகாசியிலேயே திறந்த குண்டானில் போட்டு, படபடப்பு அடங்கும்வரை வறுத்து எடுத்து வைப்பாள். டிசம்பரில் மட்டும் வந்து எட்டிப் பார்த்த அம்சவல்லிக்கு இது தெரியாது. அடுப்பில் வைத்த ஐந்தாவது நிமிஷம் குண்டானுக்குள் படபடவென்று வெடித்தது. பிள்ளைகள் குனிந்து பார்க்க, அவள் மூடியைத் தூக்கப் போனாள்.

“தொறக்காத! பசங்களத் தள்ளு!” ஜான்சி பாய்ந்துபோய் அடுப்பை அணைத்தாள். அதற்குள் மூடி விலகி, ஒரு உப்புக்கல் தெறித்து ஜான்சியின் மணிக்கட்டைச் சுட்டது. பிள்ளைகளைத் தூர நிறுத்திவிட்டு, மூடாமல் மறுபடி வறுத்து, சத்தம் நின்ற பிறகு அவளே தட்டை இறக்கினாள்.

“யாரு இவங்க?” என்று கேட்டார் மேடம்.

“எங்க தெருதான் மேடம். எனக்குக் கூடமாட ஒத்தாசை பண்ணுவாங்க” என்றாள் அம்சவல்லி.

ஜான்சிக்குக் கண் கலங்கிவிட்டது. மேடம் என்னையும் பார்த்தார். அப்போதாவது நான் வாயைத் திறந்திருக்கலாம்.

கிளம்பும்போது அச்சுகளைக் கேட்டு வாங்கிக்கொண்டு, “ஏண்டி இப்பிடிப் பண்ண?” என்றாள் ஜான்சி.

“என்னா பண்ணிட்டேன் இப்ப? காலைலயே அண்ணனாண்ட சொன்னேன், அதுவே ஒண்ணும் சொல்லல.”

ஜான்சி திரும்பி என்னைப் பார்த்தாள். நான் வண்டியை ஸ்டார்ட் பண்ணினேன்.

தெருவில் இறங்கியதும் கௌதம், ஜான்சியின் டப்பாவில் இருந்த ஒற்றை நட்சத்திர பிஸ்கெட்டைக் காட்டினான். “அத்தே, நீ பழம் விடறதுக்குச் செஞ்சதா இது? அம்சா அத்தைக்கா?”

“அவளுக்கு இந்த வருசம் இல்லடா.”

அதை எடுத்துக்கொண்டு என் ஜன்னல் பக்கம் வந்தாள். “புடிண்ணே” என்று நீட்டினாள். மணிக்கட்டில் கொப்புளம் எழும்பியிருந்தது. வாங்கிக்கொண்டேன்.

கொடுக்கும்போது சிரிக்க வேண்டும் என்பது அவளே பிள்ளைகளுக்கு வைத்த சட்டம். அவள் சிரிக்கவில்லை.