இரத்தினேஸ்வரியின் தலையாட்டல்

கட்டைபறிச்சான் ஊர் இரத்தினேஸ்வரிக்குத் தலையாட்டும் பழக்கம் சோதனைச்சாவடிகளில் வந்தது. துவக்கோடு நிற்கும் சிப்பாய் சிங்களத்தில் என்ன கேட்டாலும் தலையை மேலும் கீழும் ஆட்டினால் போதும், விட்டுவிடுவான். சண்டைக்காலம் முழுக்க அவளைக் காப்பாற்றியது அந்தத் தலைதான். புருசன் கதிரவேலைக் கொண்டுபோனதும் அதுதான்.

போன மாரியில், மண்வெட்டி பட்ட கால் வீங்கி, காய்ச்சலில் நினைவு தப்பி அவர் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தார். இளம் டொக்டர் ஊசியைக் காட்டிச் சிங்களத்தில் ஏதோ கேட்டார். பின்னால் சனம் காத்துநின்றது. அவள் ஆட்டினாள். அரை மணித்தியாலம்கூட ஆகவில்லை, அவர் மூச்சு நின்றுவிட்டது. பிறகு ஆஸ்பத்திரியிலிருந்து வந்த சிங்களக் கடிதத்தை ஒருவர் தமிழில் சொன்னார்: "இந்த ஊசி முந்தியும் ஒத்துக்கொண்டது என்று மனைவி கூறினார்." முந்தி ஒருதரம் அதே ஊசியால் அவருக்கு உடம்பெல்லாம் தடித்து மூச்சு முட்டியது அவளுக்குத் தெரியும். அவளுக்கு விளங்கும் மொழியில் ஒருவரும் கேட்கவில்லை.

அதன்பிறகு தனியே இருக்கையிலும் தலை தன்பாட்டில் ஆடத் தொடங்கியது. குசினியில் அரிசி களைகையில், முதுகுக்குப் பின்னால் நின்று யாரோ கேட்பார்கள். குரல் கதிரவேலுடையது. மொழிதான் அவருடையதல்ல.

இப்போது மகள் கீர்த்தனிக்குப் பித்தப்பையில் கல். ஒப்பரேசனுக்கு நாள் எடுக்கப் போனார்கள்.

"அம்மா, இண்டைக்கு ஆட்டிப்போடாதேங்கோ," என்றாள் மகள் பஸ்ஸில்.

"கழுத்தைக் கட்டிவைச்சிட்டோ வாறது?"

மேசைக்கு அந்தப் பக்கம் வேறொரு டொக்டர். நித்திரை காணாத கண். சிங்களத்தில் கேட்டார். கீர்த்தனிக்கும் சிங்களம் தெரியாது; வலியில் குனிந்திருந்தாள். இரத்தினேஸ்வரியின் தலை இறங்கப் பார்த்தது. இரண்டு கையாலும் தாடையைப் பிடித்துக்கொண்டாள்.

"விளங்கேல்லை ஐயா."

அவர் அதையே உரத்துக் கேட்டார்.

"விளங்கேல்லை. தமிழ் தெரிஞ்ச ஆரையும் கூப்பிடுங்கோ."

"ஓம் எண்டு ஆட்டிப்போட்டுப் போறதை விட்டிட்டு," என்று வரிசையில் நின்ற கிழவர் முணுமுணுத்தார். அவரும் தமிழர்தான். டொக்டர் மகளின் கிளினிக் கொப்பியை ஒதுக்கிவைத்து, வாங்கில் போய் உட்காரும்படி கை காட்டினார்.

இரண்டு மணித்தியாலம் கழித்து, வாட்டைக் கூட்டிப் பெருக்குகிற நபீஸாவைக் கூப்பிட்டார்கள். தும்புத்தடியோடு வந்தாள்.

"என்னக்கா, டொக்டரையே காக்க வெச்சிட்டீங்களாம்? கூட்டுறதுக்குத்தான் எனக்குச் சம்பளம், கதைக்கிறதுக்கில்ல," என்று சிரித்தாள். பிறகு டொக்டரைக் கேட்டுவிட்டுத் திரும்பினாள். "ஏதும் மருந்து ஒத்துக்காமப் போயிருக்கான்னு கேக்கிறாரு."

இவ்வளவுதானா?

"ஓம், ஓம்," என்றாள் இரத்தினேஸ்வரி. "ஊசி ஒண்டு. உடம்பெல்லாம் தடிச்சது. மூச்சுவிட ஏலாமல் போனவர். அவருக்கு அந்த ஊசியைப் போட வேண்டாமெண்டு சொல்லுங்கோ, பிள்ளை."

நபீஸா டொக்டரிடம் திரும்பாமல் கீர்த்தனியைப் பார்த்தாள்.

"அம்மா," கீர்த்தனி அவள் கையைப் பிடித்தாள். "என்னைப் பற்றிக் கேக்கினம். எனக்கு ஒரு மருந்தும் ஒத்துக்கொள்ளாமல் விட்டதில்லை."

நபீஸா இரண்டையும் சேர்த்துச் சொன்னாள். டொக்டர் நிமிர்ந்து பார்த்தார். பிறகு கொப்பியில் சிவப்புப் பேனையால் எழுதினார்.

இரத்தினேஸ்வரி சுவர் மணிக்கூட்டைப் பார்த்தபடி இருந்தாள். கேட்டு, சொல்லி, எழுதி முடிய ஒரு நிமிசமும் பிடிக்கவில்லை.