கிரேக்கப் படத்தில் எங்கள் பொலி

2024 ஜூன் 8, சனிக்கிழமை, மாலை 6 மணி 40. இலங்கை மலையகத்து வட்டவளைத் தேயிலைத் தோட்டத்தில் காலையிலிருந்து விடாத மழை. ஐந்து மணிக்கு மேல் பனிமூட்டமும் சேர்ந்துகொண்டது. தோட்டத்துக் குழந்தைகள் பகலில் தூங்கும் பிள்ளைக் காம்பராவில் தொட்டில்களை ஓரந்தள்ளி, சுவரில் வெள்ளை வேட்டியைக் கட்டியிருந்தோம். நாற்பது பேர் கொள்ளும் அறையில் எண்ணிப் பார்த்தேன்: அறுபத்தொரு பேர். கரண்டு போய்விடுமோ, கூரை ஒழுகிப் புரொஜெக்டர் நனைந்துவிடுமோ என்று ஒரே கவலை. புரொஜெக்டரை ஹட்டனில் வாடகைக்கு எடுத்து வந்தவன் நான்.

முன்வரிசையில் என் தங்கை புதுச் சேலையோடு உட்கார்ந்திருந்தாள். முந்தைய வருடம் கிரேக்க நாட்டுச் சினிமாக்காரர்கள் இங்கே வந்தார்கள். சாகசச் சிரிப்புப் படம் என்றார்கள். கொழுந்து பறிக்கும் பெண்கள் இருபத்திரண்டு பேரின் முகத்தில் வெள்ளைக் கோடு போட்டு, தங்கையை முன்னால் நிறுத்தி, எதையாவது உரக்கச் சொல்லச் சொன்னார்களாம். அவள் யோசிக்கவேயில்லை. தினமும் காலையில் முதல் கொழுந்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு “பொலி! பொலி!” என்று குரல் கொடுப்பவள் அவள்தான். மற்றவர்கள் அதைத் திருப்பிச் சொன்ன பிறகே செடியில் கை வைப்பார்கள். விளைச்சல் பெருகட்டும் என்ற வாழ்த்து அது. வந்தவர்கள் தொழிலும் பெருகட்டுமே என்று அதையே சொல்லியிருக்கிறாள்.

அன்று நாங்கள் போட்டது அந்தப் படம்தான். அதில், புதையல் தேடிப் போன இருவர் படகு கவிழ்ந்து பெயரில்லாத தீவொன்றில் ஒதுங்குகிறார்கள். ஐம்பத்துமூன்றாவது நிமிடத்தில் எங்கள் தேயிலை மலை வந்தது. ஒரே கைதட்டல்.

“அக்கா, நீங்கதான்! என்னா எடுப்பா இருக்கீங்க!” என்று பக்கத்திலிருந்த பெண் தங்கையை இடித்தாள்.

“சும்மா இருடி, கேக்கட்டும்.”

திரையில் தங்கையின் குரல் எழுந்தது: “பொலி! பொலி!” அடுத்த நொடி, கொதிக்கும் அண்டாவைக் காட்டினார்கள். நாயகர்கள் அலறிக்கொண்டு ஓட, இருபத்திரண்டு பேரும் துரத்தினார்கள். மனிதரைச் சமைத்துத் தின்னும் கூட்டமாம் நாங்கள்! அந்தக் கூட்டத்தின் ராணி, உடம்பெல்லாம் பழுப்பு மை பூசிய ஒரு கிரேக்கப் பெண். வசனமெல்லாம் அவளுக்கு. எங்கள் இருபத்திரண்டு பேருக்கும் சேர்த்து அந்த ஒரு சொல்தான்.

தங்கை திரும்பினாள். “அண்ணே, நான் சொன்னதுக்குக் கீழ இங்கிலீசுல என்னா போட்டிருக்கான்?”

“பசிக்குது, புடிங்கன்னு போட்டிருக்கான்.”

அறை முழுக்கச் சிரித்தது. அவள் மட்டும் சிரிக்கவில்லை. எழுந்து போகவும் இல்லை.

திங்கட்கிழமை காலை அவள் மலையில் குரல் கொடுத்தபோது கீழ் நிரையிலிருந்து ஒரு பெண், “ஐயையோ, அண்டாவ அடுப்புல வைங்கடி!” என்றாளாம். எல்லோரும் சிரித்ததில் ஒருவரும் பொலியைத் திருப்பிச் சொல்லவில்லை. அன்றோடு தங்கை வாயை மூடிக்கொண்டாள். செய்தி கேட்டு வியாழக்கிழமை ஹட்டனிலிருந்து ஓடினேன்.

“கேலியாப்போன வார்த்தைய எப்புடிண்ணே திரும்பச் சொல்றது? மலைச்சாமிக்குச் சேவலறுத்துப் பூச போடணும். இல்லாட்டி இனிமே சொல்லமாட்டேன்.”

கேலி செய்த பெண்ணும் வாசலில் நின்றாள். “தெரியாம சொல்லிட்டேன் சேர். அக்கா கொரல் இல்லாம மல எழவு வீடு மாதிரி இருக்கு. கையே ஓடமாட்டேங்குது.”

முப்பத்துநான்கு வருடம் விஞ்ஞானம் படிப்பித்தவன் நான். மலைச்சாமி என்று நட்டுவைத்த கல்லுக்குச் சேவலா என்று கேட்க வாயெடுத்தேன். தங்கையின் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டேன்.

அடுத்த திங்கட்கிழமை, வேலைக்கு முன், தூறலில் பூசை நடந்தது. தேங்காயை அந்தப் பெண்ணே உடைத்தாள். தங்கை கொழுந்தைக் கண்ணில் ஒற்றினாள். குரல் முதலில் கம்மியது, பிறகு எழுந்தது. பதில் சொன்ன வாய்களை எண்ணினேன்: இருபத்தொன்று. ஒன்றும் குறையவில்லை.

புரொஜெக்டர் வாடகை, சேவல், தேங்காய், பூசாரி தட்சணை, ஹட்டனிலிருந்து மூன்று தடவை வந்துபோன ஓட்டோக்கூலி எல்லாமாக எனக்குப் போனது பதினெட்டாயிரத்து எழுநூற்றைம்பது ரூபாய்.