ஜன்னல் பக்கம்

எங்கள் பெரியப்பா ரகசியம் பேசினால் ஜீவனஹள்ளியில் பாதிப் பேருக்குக் கேட்கும். அத்தையைப் பெண் பார்க்க யார் வந்தாலும் கேள்வியும் அவரே, பதிலும் அவரே. ஒரு தடவை வந்தவர்கள், பொண்ணுக்குப் பேச்சு வருமில்லையா என்று அம்மாவைத் தனியாக அழைத்துக் கேட்டுவிட்டுப் போனார்கள்.

அடுத்த வரன் வந்தபோது அத்தை சொல்லிவிட்டாள்: "பார்க்கணும்னா ஞாயித்துக்கிழமை லைப்ரரிக்கு வரட்டும்ணா. இதுவும் தட்டிப்போச்சுன்னா இனிமே யாரையும் கூட்டிட்டு வராதீங்க."

கப்பன் பூங்காவுக்குள் இருக்கிறதே, அந்தச் சிவப்புக் கட்டடம்தான். உள்ளே காலெடுத்து வைத்ததும் பெரியப்பா, "என்னா உசரம்யா இந்தக் கூரை" என்றார். நீள மேஜைகளில் குனிந்திருந்த தலைகளெல்லாம் நிமிர்ந்தன. ஊழியர் ஒருவர் ஓடிவந்து, "மெல்லகெ மாதாடி சார்" என்று கன்னடத்தில் கெஞ்சினார். அதோடு பெரியப்பா வாயை மூடிக்கொண்டு, விசில் வராத குக்கர் மாதிரி உட்கார்ந்திருந்தார்.

மாப்பிள்ளை தன் அம்மாவோடு வந்தார். கும்பிட்டதோடு சரி, யாரும் யாரையும் எதுவும் கேட்க முடியவில்லை. அத்தையும் மாப்பிள்ளையும் புத்தக அலமாரிக்குப் பின்னால் போய் நின்றார்கள்.

பெரியப்பா எவ்வளவு நேரம்தான் தாங்குவார்? என் காதைப் பிடித்து இழுத்து, "என்ன பேசிக்கிறாங்கன்னு கேட்டுட்டு வாம்மா" என்றார்.

ஏழு வயது உளவாளி நான். போய் ஒட்டுக் கேட்டுவிட்டு வந்து சொன்னேன்:

"சண்டை பெரியப்பா. ஜன்னல் பக்கம் எனக்குத்தான்னு அத்தை சொல்றாங்க. அங்க கொசு வரும், நான் இருந்துக்கறேன்னு அவர் சொல்றார். அத்தை விட்டே குடுக்கல."

பெரியப்பா முகம் தொங்கிவிட்டது. "வந்த இடத்துல ஜன்னலுக்கா சண்டை? முடிஞ்சுது, எழுந்திருங்க."

வெளியே படிக்கட்டில் உட்கார்ந்து, நல்ல சேதிக்கென்று பெரியம்மா கிளறி எடுத்து வந்திருந்த கேசரியைத் திறந்தோம். வீணாக்குவானேன் என்று ஆளுக்கொரு கை. மாப்பிள்ளையின் அம்மாகூட பெருமூச்சு விட்டபடி இரண்டு தரம் வாங்கிக்கொண்டார். முந்திரியெல்லாம் எனக்கு.

டப்பாவின் அடி தெரியும் நேரத்தில் அவர்கள் இருவரும் சிரித்துக்கொண்டே வெளியே வந்தார்கள்.

"எங்களுக்கு இல்லையா?" என்றார் மாப்பிள்ளை.

பெரியப்பா காலி டப்பாவைப் பார்த்தார், அப்புறம் என்னைப் பார்த்தார். நான் விரலை நக்கிக்கொண்டிருந்தேன். அது எந்த வீட்டு ஜன்னல் என்று அவர்களைக் கேட்க எனக்குத் தோன்றவில்லை. என்னைக் கேட்க அவருக்கும் தோன்றவில்லை.