உக்குவளையில் ஒரு கம்பளி முகமூடி

உக்குவளை சோதனைச் சாவடியில் கண்டி பஸ்ஸை நிறுத்தி எல்லோரையும் இறக்குகிறார்கள். உச்சி வெயில். தென்துருவத்துக்குப் பெங்குவின் பார்க்கப் போகும் வெள்ளைக்காரர்களின் கப்பலில் எனக்கு வெங்காயம் உரிக்கும் வேலை கிடைத்திருக்கிறது. இன்றைக்கே கொழும்பில் விமானம் ஏறவேண்டும். என் பையைக் கிளறும் சிப்பாய், கண்கள் மட்டும் தெரியும் கம்பளி முகமூடியை வெளியே எடுக்கிறான். தமிழனின் பையில் முகமூடி! விமானம் என்னை விட்டுவிட்டுத்தான் பறக்கும் என்று முடிவுசெய்கிறேன்.

“இது எதுக்கு?” என்று சிங்களத்தில் கேட்கிறான்.

“குளிருக்கு. பனிக்கட்டிக்குள்ள போற கப்பல்ல வேலை.”

“போடு.”

முகமூடி, பையில் கிடந்த கையுறை, தடித்த அங்கி எல்லாம் போட்டுக்கொண்டு நிற்கிறேன். வியர்வை கால்சட்டைக்குள் இறங்குகிறது. இரத்தோட்டையிலிருந்து வந்த தேயிலைத் தோட்டத்து அக்கா ஒருத்தி பொறுக்கமாட்டாமல் சிப்பாயிடம் சொல்கிறாள்:

“மாத்தயா, இதைப் போட்டுக்கிட்டு இவரு எங்கங்க குண்டு வைக்கிறது? அதுக்கு முன்னாடி இவரே வெந்துருவாரு!”

வரிசையே சிரிக்கிறது. சிப்பாயும் சிரித்துவிட்டு என் வேலைக் கடிதத்தை வாங்கி, நிதானமாக இரண்டு தடவை வாசிக்கிறான். திருப்பிக் கொடுக்கும்போது கிட்ட வந்து, குரலைத் தாழ்த்தி, அரைகுறைத் தமிழில் கேட்கிறான்:

“அங்க இன்னும் ஆள் எடுக்கிறதா?”