ஆறொன்பதும் ஏழெட்டும்

துணி அறையின் கதவைத் திறந்ததும் அவருடைய உதடு அசையத் தொடங்கிவிடும். "மூவெட்டு இருபத்திநாலு, நாலெட்டு முப்பத்திரண்டு" என்று முணுமுணுத்துக்கொண்டே உள்ளே வருவார். கை அதன் பிறகுதான் விளக்கின் சுவிட்சைத் தேடும். பதினோரு வருடமாக இதைப் பார்த்து வருகிறேன். காய்ச்சலோடு வந்த நாளிலும் வாய்ப்பாடுதான் முதலில், விளக்கு அப்புறம்தான்.

மருத்துவமனையின் கீழ்த்தளத்தில் இருக்கிறது எங்கள் அறை. சலவையாகி வரும் படுக்கை விரிப்புகள், தலையணை உறைகள் எல்லாவற்றுக்கும் அவர்தான் பொறுப்பு. இஸ்திரி போட ஓர் அக்கா. கிழிந்ததைத் தைக்க நான். மாடியில் இருப்பவர்கள் உட்பட எல்லோருக்கும் அவர் 'வாய்ப்பாடு அண்ணன்'.

எதையும் ஒன்று, இரண்டு என்று அவர் எண்ண மாட்டார். வரிசையைப் பார்ப்பார், வரிசைக்கு எத்தனை என்று பார்ப்பார், விடை வாயில் வந்து நிற்கும். பஸ்ஸில் ஏறியதும், "நாலு பதினொண்ணு நாப்பத்திநாலு, டிரைவரோட நாப்பத்தஞ்சு" என்பார். டாக்டரைப் பார்க்கக் காத்திருக்கும்போது எதிர்ச்சுவரின் ஓடுகளைப் பெருக்குவார். "கண்ணு பொய் சொல்லும்மா. கணக்கு சொல்லாது" என்பது அவர் வாரத்துக்கு இரண்டு முறையாவது சொல்லும் வாக்கியம்.

இஸ்திரி அக்கா சும்மா விட மாட்டார். "அண்ணே, உங்க தலையில எத்தன முடின்னு பெருக்கிச் சொல்லுங்களேன்."

"முன் வரிசையே காலி. எங்கேருந்து ஆரம்பிக்கிறது?" என்று அவர் நெற்றியைத் தடவிக்கொள்வார்.

நான் பள்ளியை விட்டபோது எங்கள் வகுப்பு ஐந்தாம் வாய்ப்பாட்டில் இருந்தது. அதற்கு மேல் எதுவானாலும் ஒவ்வொன்றாக விரல் வைத்து எண்ணித்தான் எனக்குப் பழக்கம். "நீ எண்ணி முடிக்கிறதுக்குள்ள துணி இத்துப் போயிரும்" என்பார். கேலிதான், ஆனால் காத்திருப்பார். ஒரு நாளும் அவசரப்படுத்தியதில்லை.

போன மாதத் தொடக்கத்தில் இரண்டு இரும்பு அலமாரிகள் வந்தன. அவசரத்துக்கென்று வைக்கும் புதுத் துணிக்காக. அதுவரை எல்லாவற்றையும் பத்துப் பத்தாகக் கட்டி மரப் பலகையில் அடுக்குவோம். புது அலமாரியில் கட்டம் கட்டமாக இருந்தது. விரிப்பு அலமாரியில் ஒன்பது கட்டம், கட்டத்துக்கு ஆறு. உறை அலமாரியில் எட்டுக் கட்டம், கட்டத்துக்கு ஏழு. அடுக்கி முடித்து இரண்டடி தள்ளி நின்று பார்த்தார். "ஆறொன்பது ஐம்பத்தாறு. ஏழெட்டு ஐம்பத்திநாலு." இருப்புப் புத்தகத்தில் எழுதினார், பூட்டினார், சாவியை இடுப்பில் செருகினார். நடுவில் மகள் பிரசவத்துக்காக இரண்டு நாள் விடுப்பு எடுத்தபோது மட்டும் சாவி என்னிடம் இருந்தது.

மாதக் கடைசியில் பூச்சி உருண்டை போடுவதற்காக எல்லாவற்றையும் வெளியே எடுத்து, பழையபடி பத்துப் பத்தாக மேசையில் வைத்தோம். விரிப்பு ஐந்து அடுக்கும் நாலும். உறை ஐந்து அடுக்கும் ஆறும். அவர் புத்தகத்தைப் பார்த்தார், மேசையைப் பார்த்தார்.

"ரெண்டு ஷீட்டு போயிருக்கு. ரெண்டு உறை மொளச்சிருக்கு."

"ரொம்ப நல்ல திருடனா இருக்கானே அண்ணே" என்றார் அக்கா. "ஷீட்ட எடுத்து, உறை தச்சு, திரும்ப வெச்சிட்டுப் போயிருக்கான்."

மூவரும் சிரித்தோம். பிறகு சிரிப்பு நின்றது. அந்த அறையில் ஒரே ஒரு தையல் எந்திரம்தான் இருக்கிறது.

அவர் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்துத் திட்டியிருந்தால் தேவலை. மேட்ரன் அம்மாவுக்கு ஒரு கடிதம் எழுதினார். அதில் என் பெயர் இல்லை. சாவி இருவரிடம் இருந்தது என்று மட்டும் இருந்தது. வியாழக்கிழமை விசாரணை. முன்பு ஒரு துண்டு காணாமல் போனதற்கே ஓர் ஆயாவை வேலையிலிருந்து நிறுத்தியிருக்கிறார்கள்.

"அண்ணே, நான் எடுக்கல" என்றேன்.

"கணக்கு அப்படிச் சொல்லுதேம்மா. நான் என்ன பண்ணட்டும்?"

இரண்டு நாள் என் எந்திரத்தின் பக்கம் வராமல் சுற்றிப் போனார். நான் தைத்த தையலெல்லாம் கோணியது.

புதன்கிழமை சாப்பாட்டு நேரத்தில் பொத்தான் டப்பாவைக் கவிழ்த்தேன். வேறு எதற்கும் இல்லை, அந்த அலமாரியைப் பொத்தான்களில் அடுக்கி என் கண்ணால் ஒரு முறை பார்க்க வேண்டும் போலிருந்தது. ஒன்பது வரிசை, வரிசைக்கு ஆறு. எண்ணினேன். ஐம்பத்துநான்கு. தவறவிட்டேன் என்று நினைத்து, ஒவ்வொரு பொத்தானாகத் தொட்டுத் தொட்டு எண்ணினேன். அதேதான். கலைத்து, எட்டு வரிசையில் ஏழேழாக அடுக்கினேன். ஐம்பத்தாறு. நாலு முறை எண்ணிய பிறகும் என் விரல்மேல்தான் சந்தேகம் வந்ததே தவிர, அவருடைய வாய்ப்பாட்டின்மேல் வரவில்லை. ஐந்தாம் முறைதான் புரிந்தது.

அதை அவரிடம் சொல்ல வாய் வரவில்லை. மறுபடி ஒன்பது வரிசையாக அடுக்கிவிட்டு, "அண்ணே, இதக் கொஞ்சம் எண்ணித் தர்றீங்களா" என்றேன்.

தூரத்திலிருந்தே பார்த்தார். "ஒம்போது வரிசை, வரிசைக்கு ஆறு. அம்பத்தாறு. இதுக்கா கூப்பிட்ட?"

"ஒண்ணொண்ணா எண்ணுங்கண்ணே."

ஏதோ சொல்ல வந்தவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு உட்கார்ந்தார். சிறு பிள்ளை போல விரல் வைத்து எண்ணினார். ஐம்பத்துநான்கில் விரல் மேசையைத் தொட்டது. குனிந்து மேசைக்கு அடியில் தேடினார்.

"கீழ ஒண்ணும் விழல அண்ணே" என்றார் இஸ்திரி அக்கா. "எல்லாம் மேலதான் இருக்கு."

மறுபடி எண்ணினார். பிறகு வரிசை வரிசையாகக் கூட்டினார். ஆறு, பன்னெண்டு, பதினெட்டு என்று போய் அதே இடத்தில் வந்து நின்றார். நான் பொத்தான்களைக் கலைத்து ஏழேழாக அடுக்கினேன். அதையும் எண்ணினார். கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

"அப்ப யாரும் எடுக்கலயா?"

"எடுக்கலண்ணே."

கோபமோ வெட்கமோ வரும் என்று நினைத்தேன். அவர் மூட்டை ஒன்றின்மேல் சாய்ந்து, நெஞ்சிலிருந்து ஒரு பெருமூச்சு விட்டார். "ரெண்டு நாளா சோறு எறங்கலம்மா எனக்கு. நீ எடுத்திருக்க மாட்டேன்னு மனசு சொல்லுது, கணக்கு நீதான் எடுத்தேன்னு சொல்லுது. நான் எதக் கேக்கறது?" அக்கா கொடுத்த தண்ணீரை ஒரே மூச்சில் குடித்தார். நான் பொத்தான்களை டப்பாவுக்குள் அள்ளிப் போட்டேன்.

பிறகு அவராகவே சொன்னார். "மூணாங்கிளாஸ்ல பாதி நாள் லேட்டு. வெளிய நிக்க வெச்சிருவாங்க. ஜன்னல் வழியா கேட்டு மனப்பாடம் பண்ணது. ரெண்டும் எடம் மாறி உக்காந்துருச்சு போல."

"அம்பது வருசமா யாருமே சொல்லலயா?" என்றார் அக்கா.

"யாரும் எண்ணிப் பாக்கலயே." திடீரென்று நிமிர்ந்தார். "ஐயையோ, அந்த டைல்ஸ்காரர். குளியலறைச் சுவத்துக்கு ஏழுக்கு எட்டு. அம்பத்திநாலு வாங்கிக் குடுத்துட்டு, ரெண்ட நீதான் ஒடச்சேன்னு அவர விரட்டினேனே."

"அவரு இன்னும் அந்த ரெண்டத் தேடிட்டிருப்பாரு" என்றார் அக்கா. அண்ணன் சிரித்த சிரிப்பில் இருமல் வந்துவிட்டது.

மேட்ரன் அம்மாவிடம் போனில் சொன்னால் போதும் என்று அக்கா சொன்னார். கேட்கவில்லை. "எழுதினது நான். நேர்ல போய் நிக்கிறதுதான் முறை" என்று சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு மாடி ஏறினார். அரை மணி கழித்து, கையில் அந்தக் கடிதத்தோடு இறங்கி வந்தார்.

"மேட்ரன் அம்மா திட்டினாங்களா?"

"சிரிச்சாங்க. திட்டியிருக்கலாம்."

அந்தக் கடிதத்தை நாலாகக் கிழித்து என் எந்திரத்தின் கீழிருக்கும் கூடையில் போட்டார். வியாழக்கிழமை என்னை யாரும் மேலே கூப்பிடவில்லை.

இந்த மாதக் கடைசியிலும் துணிகளை வெளியே எடுத்தோம். நான் ஒவ்வொன்றாக எண்ணினேன். முடிகிற வரை அவர் வாயை மூடிக்கொண்டு கதவோரம் நின்றார். முடிந்ததும் இருப்புப் புத்தகத்தை என் பக்கம் திருப்பி வைத்து, பேனாவின் மூடியைக் கழற்றி நீட்டினார். விரிப்பு ஐம்பத்துநான்கு, உறை ஐம்பத்தாறு. அதற்குக் கீழே இப்போது இரண்டு கையெழுத்துகள் இருக்கின்றன. முதலாவது என்னுடையது.