குறிஞ்சிப்பிட்டிக்கு ஒரு வரைபோடு போனேன்

சண்டை முடிந்து நாலாவது வருசம், நோன்பு மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில் நான் குறிஞ்சிப்பிட்டிக்குப் போனது டொல்பின் பார்க்க அல்ல, மன்னிப்புக் கேட்க. கடற்கரைப் படம் தேடி வந்தவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள், ஒன்றும் எடுக்கவில்லை.

கொழும்பில் காலை 6.15க்கு பஸ், 190 ரூபாய். சிலாபம் 8.40, புத்தளம் 10.10. அங்கிருந்து கல்பிட்டி பஸ்ஸில் நாற்பது கிலோமீற்றருக்குக் கிட்ட, 75 ரூபாய். வலப்பக்கம் இருக்காதீர்கள், வெயில் சுட்டுத் தள்ளும்.

விசயம் இதுதான். நான் பல்கலைக்கழகத்தில் பௌதிகம் படிப்பிக்கிறவன். எங்களிடம் இரும்பும் ஜேர்மானியமும் சேர்ந்த பளிங்கு ஒன்று இருக்கிறது. அதனுள் அணுக்காந்தங்கள் கயிற்றுப் புரி மாதிரி முறுகி நிற்கும். ஏறத்தாழ ஐந்து பாகை செல்சியசுக்கு மேல் சூடானால் அந்த ஒழுங்கு குலைந்துவிடும். மூன்று வருசத்துக்கு முந்திய நோன்பில், என் மாணவி ரிஸ்வானா அந்த வெப்பநிலைக்குச் சற்றுக் கீழே, காந்தப்புலத்தை மெல்ல மெல்லக் கூட்டி அளந்தார். வரைபில் யாரும் எதிர்பாராத சின்னப் பள்ளம் ஒன்று விழுந்தது.

"மூணு தரம் அளந்தன் சேர், மூணு தரமும் வருது."

"பட்டினி கிடந்தா கை நடுங்கும்தானே, பிள்ளை," என்றேன் எல்லோருக்கும் முன்னால். சிரித்தார்கள். அந்தப் புள்ளிகளை அழித்துவிட்டேன். அவர் ஆய்வை விட்டுவிட்டு ஊரான குறிஞ்சிப்பிட்டியில் ஆசிரியையானார். போன மாதம் அதே பளிங்கை நானே அளந்தேன். பள்ளம் இருந்தது. புரி குலைவதற்கு முன் காந்தங்கள் எடுக்கும் இன்னொரு நிலை அது. சீ, என்ன மனிசன் நான்!

பஸ் தரிப்பில் இருந்து ஓட்டோ 150 ரூபாய். "டீச்சர்ட வீட்டயா? என்ட மகளுக்கும் அவதான் விஞ்ஞானம்," என்றார் ஓட்டோக்காரர்.

ரிஸ்வானாவின் உம்மா கதிரை போட்டார். நோன்போடு இருந்த ரிஸ்வானா எனக்குத் தேத்தண்ணி கொண்டுவந்தார். "பயணத்துல வந்தீங்க, குடிங்க சேர்." கோப்பையைக் கீழே வைத்தேன். புதிய வரைபை நீட்டினேன்.

"பிழை என்னிலதான், பிள்ளை. மன்னிச்சுக்கொள்ளும்."

பள்ளத்தின் மேல் விரலை வைத்து வெகுநேரம் பார்த்தார்.

"நீங்க சொன்னதால அந்த வருசம் ஆறு நோன்ப விட்டன் சேர். சாப்பிட்டுட்டு அளந்தன். அப்பவும் பள்ளம் வந்திச்சு. நீங்க அதப் பாக்கவேயில்ல."

வரைபை என் பக்கம் திருப்பி வைத்தார்.

"விட்ட ஆறையும் பொறகு புடிச்சு களாச் செஞ்சு என்ட கடனத் தீத்திட்டன். உங்கட கடன்தான் இன்னும் இரிக்கி. எல்லாருக்கும் முன்னால சொன்னீங்க. எல்லாருக்கும் முன்னாலேயே திருத்துங்க."

நோன்பு மாதத்தில் போகிறவர்களுக்கு: பகலில் சாப்பாட்டுக் கடைகள் பூட்டு, புத்தளத்துக்கு முன்பே சாப்பிட்டுவிடுங்கள். கேட்க வேண்டிய மன்னிப்பு இருந்தால் மூன்று வருசம் வைத்திருக்காதீர்கள்.

திங்கள் காலை ஒன்பது மணிக்கு, அதே ஆய்வுகூடத்தில், அன்று சிரித்த அதே ஆட்கள் முன்னால், ரிஸ்வானாவின் பெயரோடு அந்த வரைபைக் காட்டப்போகிறேன். இதை எழுதும்போதே கை நடுங்குகிறது. வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டுத்தான் இருக்கிறேன்.