நான் பூசி மறைத்த கோடுகள்

கல்யாணமாகி மூன்றாம் மாதம், என் வீட்டுக்காரரின் டிரங்குப் பெட்டியில் ஒரு பொம்மை ரயில் இருப்பதைப் பார்த்தேன். வெளுக்கப் போட வேட்டி எடுக்கத்தான் பெட்டியைத் திறந்தேன். அடியில், ஒரு பழைய வேட்டியில் சுற்றி வைத்திருந்தார். என் கையளவு நீளத்தில் ஒரு பச்சை என்ஜின், அதோடு கோக்க இரண்டு பெட்டிகள். எல்லாம் தகரம். ஒரு பெட்டிக்குச் சக்கரமே இல்லை. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

இவருக்கு எங்கேயோ ஒரு பிள்ளை இருக்கிறது. எனக்கு வந்த எண்ணம் அதுதான்.

வேறு என்ன நினைப்பது? முப்பது வயது மனிதர், மில்லில் ஸ்டோர் குமாஸ்தா. தாய் தகப்பன் கிடையாது. பழங்காநத்தத்தில் அந்தச் சின்ன ஓட்டு வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். ஞாயிற்றுக்கிழமையானால் சாப்பிட்டுக் கை கழுவிய கையோடு, "டவுனுக்குப் போயிட்டு வாரேன்" என்று கிளம்பிவிடுவார். எதற்கு என்று சொல்லமாட்டார். மூன்று மாதத்தில் அவர் என்னிடம் பேசியதை எல்லாம் சேர்த்தால் ஒரு தபால் கார்டு நிறையாது. சோழவந்தானில் வெற்றிலைக் கொடிக்கால் வேலையோடும் நாலு அக்காமார் பேச்சோடும் வளர்ந்தவள் நான். அந்த அமைதியே எனக்குச் சந்தேகமாக இருந்தது. பிள்ளைக்கு அம்மா எப்படி இருப்பாள் என்றுகூட அன்று மத்தியானம் யோசித்து முடித்துவிட்டேன்.

சாயங்காலம் அவர் மில்லிலிருந்து வந்து சாப்பிட உட்கார்ந்தார். தட்டை வைத்து, தட்டுக்குப் பக்கத்தில் என்ஜினை வைத்தேன்.

"இது யாரு பிள்ளைக்குங்க?"

அவர் காது வரைக்கும் சிவந்துபோனார். "பிள்ளையா? ஏது பிள்ளை?"

"அதத்தான் நானும் கேக்குறேன்."

சோற்றைப் பிசைந்தார். திரும்பவும் பிசைந்தார். அப்புறம் தலையை நிமிர்த்தாமலே, "எனக்குத்தான்" என்றார்.

நான் நம்பவில்லை. அது என் முகத்தில் தெரிந்திருக்க வேண்டும். எழுந்து கையைக் கழுவிவிட்டு, பரணில் அரிசிச் சாக்குக்குப் பின்னாலிருந்து இன்னொரு என்ஜினை எடுத்து வந்தார். இது சிவப்பு. பக்கத்தில் ஒரு சாவி. சாவியை நாலு சுற்றுச் சுற்றித் தரையில் விட்டார். கரகரவென்று ஓடி, தண்ணீர்க் குடத்தில் முட்டி, முட்டிய இடத்திலேயே நின்று சக்கரத்தைச் சுற்றிக்கொண்டிருந்தது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மூன்று மாதத்தில் அந்த வீட்டில் நான் வாய்விட்டுச் சிரித்தது அன்றைக்குத்தான். அவரும் சிரித்தார். அதற்குப் பிறகுதான் பேச்சு வந்தது.

"எங்கப்பா கேங்மேன். சமயநல்லூர்ல தண்டவாளத்துக்குப் பக்கத்துலயே குடிசை. தினம் ரயிலு போகும். எம்புட்டு ரயிலு! ஒண்ணையாச்சும் நிப்பாட்டித் தொட்டுப் பாக்க முடியுமா? இது நிக்கும். புரட்டிப் பாக்கலாம். உள்ள என்ன இருக்குன்னு கழட்டிப் பாக்கலாம்." என்ஜினை எடுத்து வேட்டி முனையால் துடைத்தார். "யாருகிட்டயும் சொல்லிராத. மில்லுல சிரிப்பாங்க."

ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் போனது ஏலக்கடைகளுக்கு. ஊர் மாறிப் போகிற வெள்ளைக்காரர்கள் வீட்டுச் சாமான்கள் அங்கே வந்து விழும். கண்ணாடிக் குப்பிகள், கால் உடைந்த நாற்காலிகள், அவற்றுக்கு அடியில் யாரும் சீண்டாத பொம்மைகள். ஜெர்மனியிலும் சீமையிலும் செய்த தகர ரயில்கள். நசுங்கியது, துருப்பிடித்தது, சாவி தொலைந்தது என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு குறை. யுத்தம் தொடங்கிய பிறகு புதிதாக எதுவும் கப்பலில் வரவில்லை. அதனால் பழையதைப் பழுது பார்ப்பது ஒன்றுதான் வழி.

அடுத்த வருஷமே அந்த வேலையில் நானும் சேர்ந்துகொண்டேன். தகரத்தை நிமிர்த்துவதும், ஈயம் வைத்துப் பற்றவைப்பதும், கடிகாரக் கடையில் கழித்துப் போட்ட ஸ்பிரிங்கை வாங்கி வந்து வெட்டிப் பொருத்துவதும் அவர். வர்ணம் நான். ஜன்னலோரம் வெளிச்சம் இருக்கிறபோதே தீட்டி முடிக்க வேண்டும். அணில் வால் மயிரில் கட்டிய தூரிகை. என்ஜின் வயிற்றைச் சுற்றி நூல் கனத்தில் மஞ்சள் கோடு. அவர் போட்டால் கை நடுங்கும். கொடிக்காலில் வெற்றிலைக் கொடியை அகத்தி மரத்தோடு சேர்த்துக் கட்டிப் பழகிய கை என்னுடையது. இறுக்கினால் கொடி நசுங்கிவிடும், தளர்த்தினால் சரிந்துவிடும். அந்த நிதானம் தூரிகைக்கும் சரியாக இருந்தது.

ஐந்து வருஷத்தில் எங்கள் அலமாரியில் ஏழு ரயில்கள். ஏழும் நேற்றுக் கடையில் வாங்கியது போலப் பளபளக்கும். அதில் எனக்குப் பெருமை. பக்கத்து வீடுகளில் பேச்சும் இருந்தது. "பிள்ளை இல்லாத வீட்டுல பொம்மைக்கு என்ன வேல?" என்று குழாயடியில் ஒருத்தி என் காதில் விழும்படியே கேட்டாள். அன்றைக்கு வீட்டுக்கு வந்து ஒரு பெட்டியின் கூரைக்கு இரண்டு தடவை வர்ணம் பூசினேன். அவரிடம் சொல்லவில்லை. அவருக்கும் யாராவது சொல்லியிருப்பார்கள். அவரும் என்னிடம் சொன்னதில்லை.

யுத்தம் முடிந்த மறு வருஷம், மில் என்ஜினீயர் துரை வேலையை விட்டுச் சீமைக்குத் திரும்புவதாகப் பேச்சு வந்தது. எப்படியோ எங்கள் ரயில் விஷயம் அவர் மனைவியின் காதுக்கு எட்டியிருக்கிறது. ஒருநாள் இரண்டு பேரையும் பங்களாவுக்கு வரச்சொல்லி ஆள் வந்தது. நான் வெளுத்த புடவையாகப் பார்த்துக் கட்டிக்கொண்டு, பயந்துகொண்டே போனேன்.

துரைசாணிக்கு ஐம்பது வயது இருக்கும். ஒல்லியான உடம்பு. இருபது வருஷமாகத் தோட்டக்காரரிடமும் அவர் மனைவியிடமும் கேட்டுக் கேட்டே தமிழ் பேசப் பழகியவர். அதனால் அவர் வாயில் மதுரைத் தமிழ்தான் வரும். என் வீட்டுக்காரரை "அண்ணே" என்றார். தோட்டக்காரர் தன் மனைவியைக் கூப்பிடுகிற மாதிரியே என்னை "ஏ புள்ள" என்றார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. பயமும் அதோடு போய்விட்டது.

"உனக்குப் பிள்ள?" என்று கேட்டார்.

"இல்லீங்கம்மா."

"எனக்கு ஒண்ணு இருந்துச்சு" என்று சொல்லிவிட்டு உள்ளே போய் ஒரு அட்டைப்பெட்டியைக் கொண்டுவந்தார். பச்சை என்ஜின், மூன்று பெட்டிகள், வட்டமாகக் கோக்கிற தண்டவாளத் துண்டுகள். "ஓடல அண்ணே. கப்பலுக்கு இன்னும் ஒரு மாசம் இருக்கு. ஓடணும். அம்புட்டுதான்."

வீட்டில் வந்து பிரித்துப் பார்த்தோம். ஸ்பிரிங் அறுந்திருந்தது. ஒரு பல் சக்கரம் தேய்ந்திருந்தது. இரண்டும் அவர் வேலை. நான் பார்த்தது மேல் பாகத்தை. பச்சை மங்கி, விளிம்பெல்லாம் துரு. டிரைவர் நிற்கிற இடத்தில், ஜன்னலுக்குக் கீழே, பூனை பிறாண்டியது போல வரிசையாகக் கீறல்.

"ஓட வைக்க மட்டுந்தான் சொன்னாங்க" என்றார் அவர்.

"ஓடுறது அழகாவும் ஓடட்டுமே. கப்பல் ஏறிப் போகப்போற சாமான். மதுரைக்காரங்க வேலை எப்படின்னு அங்க இருக்கிறவங்க பாக்கட்டும்."

அவர் மறுத்துப் பேசுகிறவர் இல்லை. உப்புத்தாள் போட்டுத் தேய்த்தேன். கீறல்களில் லாப்பம் என்கிற பசையை வைத்து அடைத்தேன். காய்ந்ததும் திரும்பத் தேய்த்து, மூன்று பூச்சு பச்சை. அந்தப் பச்சைக்காகச் சாயப்பட்டறைக்காரர் வீட்டுக்கே நடையாக நடந்து கலவை கேட்டு வந்தேன். மஞ்சள் கோடு இழுத்து முடித்தபோது, என் வாழ்நாளில் அதைவிட நல்ல வேலை செய்ததில்லை என்று நினைத்தேன்.

பங்களாவுக்குக் கொண்டுபோய் அட்டைப்பெட்டியைத் திறந்து காட்டினேன். துரைசாணி என்ஜினைக் கையில் எடுத்தார். எங்கள் இருவரையும் பார்த்துச் சிரித்தார். அப்புறம் அவருடைய கட்டைவிரல் ஜன்னலுக்குக் கீழே போயிற்று. அங்கே ஒரு தடவை தடவியது. இன்னொரு தடவை தடவியது. விரல் எதையோ தேடுகிறது என்று எனக்குத் தெரிந்தது. எதை என்றும் அந்தக் கணமே தெரிந்துவிட்டது.

"கோடு எங்க?" என்றார்.

என் வீட்டுக்காரர்தான், "கீறல்னு நெனச்சு அடச்சுட்டோம்மா" என்றார். நான் செய்த வேலை. அவர் 'அடச்சுட்டோம்' என்று சொன்னார்.

துரைசாணி கோபப்படவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து, என்ஜினை மடியில் வைத்துக்கொண்டு சொன்னார். "எம் மகன் போட்ட கோடு. ஏழு வயசுல சீமைக்குப் படிக்க அனுப்புனோம். கப்பலுக்கு எத்தன நாளுன்னு ஆணியால போட்டான். காலையில எந்திரிச்சா ஒரு கோடு. நான் திட்டுனேன். நல்ல ரயில ஏன் கெடுக்குறன்னு திட்டுனேன்." கட்டைவிரல் திரும்பவும் அந்த இடத்துக்கே போயிற்று. "பொறவு ரெண்டு தடவதான் வந்தான். சண்டையில ஏரோப்ளேன் ஓட்டுனான். வரல."

பிறகு என்னைப் பார்த்து, "ரொம்ப அழகு, ஏ புள்ள" என்றார். என் மனம் நோகக் கூடாது என்றுதான் சொன்னார். "கடையில இருந்து இப்பத்தான் வந்த மாதிரி இருக்கு."

அதைவிட அவர் என்னை அடித்திருக்கலாம்.

"குடுங்கம்மா" என்று கையை நீட்டினேன். "கோடு போயிருக்காது. தகரத்துலதான இருக்கு. நான் எடுத்துத் தாரேன்."

அந்த ஒரு வாரம் நான் சமைத்தது எதற்கும் ருசி இல்லை. அவர் வைத்ததைச் சாப்பிட்டார். தினமும் மில்லுக்குப் போகும் முன் டர்பன்டைன் குப்பியைத் திறந்து, பஞ்சைக் கிழித்து எனக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போவார். முதலில் பச்சையைத் துடைத்து எடுத்தேன். அடியில் லாப்பம் கல்லாக இறுகியிருந்தது. ஒரு சொட்டு விட்டு, ஊற வைத்து, தையல் ஊசியால் மணல் மணலாகக் கிளறினேன். முதல் கோடு வந்தது. ஆழமான கோடு. அழுத்திப் போட்டிருக்கிறான். இரண்டாவது, மூன்றாவது. போகப்போகக் கோடுகள் மெலிந்துகொண்டே வந்தன. நாள் குறையக் குறைய அந்தப் பிள்ளைக்குக் கையில் பலம் இல்லையோ என்று தோன்றியது. திட்டு வாங்கியதால் மெதுவாகப் போட்டானோ என்றும் தோன்றியது. ஊசியைக் கீழே வைத்துவிட்டு அழுதேன்.

பத்துக் கோடுகள் திட்டமாகத் தெரிந்தன. பத்தாவதுக்கு அப்பால் மயிரிழை போல ஒன்று. அது அவன் போட்டதா, என் ஊசி பட்டுக் கீறியதா என்று எனக்குத் தெரியவில்லை. அதற்கும் அப்பால் இருந்து, என் உப்புத்தாளில் தேய்ந்து போனது எத்தனையோ.

"என்னங்க செய்ய? இத விடவா, அடைக்கவா?"

அவர் ஜன்னலோரம் கொண்டுபோய் வெகுநேரம் பார்த்தார். "தெரியலன்னா தெரியலன்னு சொல்லிருவோம். இதுக்கு மேல நாம ஒண்ணும் செய்யக் கூடாது" என்றார்.

வர்ணத்தைத் திரும்பப் பூசவில்லை. ஜன்னலுக்குக் கீழே அந்த இடம் மட்டும் வெறும் தகரமாக, அதில் கோடுகளோடு இருந்தது. மற்ற இடமெல்லாம் என் பளபளப்பு. பார்க்க ஒட்டுப்போட்ட துணி மாதிரி இருந்தது. அப்படியே கொண்டுபோனோம்.

துரைசாணி கட்டைவிரலை வைத்தார். இந்தத் தடவை விரல் நின்றது.

நான் மயிரிழைக் கோட்டைக் காட்டி உண்மையைச் சொன்னேன். "இது உங்க மகன் போட்டதா, என் ஊசி போட்டதான்னு எனக்குத் தெரியலம்மா. மொத்தம் எத்தன இருந்துச்சுன்னு சொன்னீங்கன்னா..."

"நான் எண்ணுனதே இல்ல" என்றார் அவர்.

பிறகு என் வீட்டுக்காரர் வராந்தாவில் தண்டவாளத்தைக் கோத்து வட்டமாக வைத்தார். துரைசாணி தரையில் மண்டியிட்டு உட்கார்ந்து, தானே சாவி கொடுத்தார். ரயில் ஒரு சுற்று ஓடியது. இரண்டாவது சுற்றில் வளைவில் தடம் புரண்டு குப்புற விழுந்து, சக்கரம் மேலே பார்க்கச் சுற்றியது. அவர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "அவன் விட்டாலும் இங்கதான் விழும் அண்ணே, இதே எடத்துலதான்!" என்றார். கண்ணில் தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. அதைத் துடைக்காமல் திரும்பவும் சாவி கொடுத்தார். நானும் பக்கத்தில் உட்கார்ந்து, விழுந்த பெட்டிகளை எடுத்து எடுத்து வைத்தேன். எத்தனை சுற்று ஓடியது என்று தெரியாது. தோட்டக்காரர் வந்து எட்டிப் பார்த்துவிட்டு, தலைத்துண்டை அவிழ்த்து முகத்தை மூடிக்கொண்டு போய்விட்டார்.

அதற்குப் பிறகு எங்கள் கைக்கு வந்த எந்த ரயிலுக்கும் நான் வர்ணம் பூசவில்லை. துருவை எடுப்போம், ஓட வைப்போம். பிள்ளைகளின் பல் பட்ட தடத்தையும் பேனா மை சிந்திய இடத்தையும் அப்படியே விட்டுவிடுவோம். "இம்புட்டு வேலை பாத்துட்டு இத விட்டுட்டீங்களே" என்று வருகிறவர்கள் கேட்பார்கள். அவர், "அது அப்படித்தான் வந்துச்சு" என்று மட்டும் சொல்வார்.

துரைசாணி போய் ஏழெட்டு மாதம் கழித்து மில் விலாசத்துக்கு ஒரு கடிதம் வந்தது. இங்கிலீஷ் கடிதம். என் வீட்டுக்காரர் படித்துத் தமிழில் சொன்னார். அங்கே குளிர் அதிகமாம். என்ஜின் மெதுவாக ஓடுகிறதாம். என்ன எண்ணெய் விடலாம் என்று கேட்டிருந்தார்.

தையல் மிஷின் எண்ணெய், ஒரே ஒரு சொட்டு, அதற்கு மேல் கூடாது என்று அவர் பதில் எழுதினார். நீ ஏதாவது சொல்லணுமா என்று என்னைக் கேட்டார். யோசித்து, "நல்லா இருக்கீங்களான்னு கேளுங்க" என்றேன். இங்கிலீஷில் எழுதப் போனவரைத் தடுத்தேன். "அவுகளுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. இங்கிலீஷ் எழுத்துல தமிழாவே எழுதுங்க. வாய்விட்டுப் படிச்சா காதுல விழும்ல."

பதில் வர மூன்று மாதம் ஆயிற்று. கடிதத்தின் கடைசி வரி மட்டும் அதே மாதிரி, இங்கிலீஷ் எழுத்தில் தமிழ். அவர் எழுத்துக் கூட்டி மெதுவாகப் படித்தார்: "நல்லா இருக்கேன் ஏ புள்ள. ரயிலு ஓடுது."